பூங்காவில் இன்னும் இரண்டு கோடுகள்: சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெருநகர சென்னை மாநகராட்சியின் மாண்புமிகு மேயர், மதிப்பிற்குரிய ஆணையர், 200 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள் ஆகியோருக்கு வணக்கம்.

துளையிட்ட பிளாஸ்டிக் பந்தைக் கெட்டி மட்டையால் வலைக்கு மேலே அடித்து ஆடும் பிக்கிள்பால் ஆட்டம் தொடர்பாக உங்கள் முன் ஒரு கோரிக்கையை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். புதிய மைதானம் எதையும் நான் கேட்கவில்லை. பெரிய நிதி ஒதுக்கீடும் கேட்கவில்லை. மாநகராட்சிப் பூங்காக்களில் ஏற்கெனவே இருக்கும் சிமென்ட் தரை ஷட்டில் கோர்ட்டுகளில் தகுந்தவற்றைத் தேர்ந்தெடுத்து, அவற்றில் பிக்கிள்பாலுக்குரிய கோடுகளையும் சேர்த்துப் போட்டு, யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி ஆடும்படி திறந்துவிட வேண்டும். அதே சமயம், இந்த ஆட்டத்தைக் காரணம் காட்டி, பிள்ளைகள் கிரிக்கெட்டும் கால்பந்தும் கபடியும் ஆடும் திடல்களிலிருந்து ஓரடி நிலத்தைக்கூட எடுத்துவிடக் கூடாது. இவ்விரண்டும் ஒரே கோரிக்கையின் இரு பாதிகள். முதல் பாதியை மட்டும் ஏற்று இரண்டாவதைக் கைவிடுவதாக இருந்தால், முதலாவதையும் நான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர். வடசென்னைப் பள்ளியொன்றில் கபடியும் வாலிபாலும் எறிபந்தும் சொல்லிக்கொடுத்தே என் பணிக்காலம் கழிந்தது. பிக்கிள்பால் என்ற பெயர்கூட அப்போது எங்கள் காதில் விழுந்ததில்லை. இன்றோ அண்ணா நகரிலும் வேளச்சேரியிலும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டியும் காலி மனை ஒன்று சும்மா கிடந்தால், சில வாரங்களில் அங்கே நீலமும் பச்சையும் பூசிய தரையும், நான்கு மூலைக்கு நான்கு விளக்குக் கம்பமும், சுற்றிலும் கம்பிவலையும் முளைத்துவிடுகின்றன. மொட்டை மாடிகளையும் இந்த ஆட்டம் விட்டுவைக்கவில்லை. கைப்பேசிச் செயலியில் இடம் பிடித்து, மணிக்குச் சில நூறு ரூபாய் கட்டி, அலுவலகம் முடிந்த கையோடு இரவு பத்து மணிவரை ஆடுகிறார்கள். ஆடுகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. நாளெல்லாம் கணினிமுன் உட்கார்ந்திருப்பவர்கள் வியர்க்க வியர்க்க ஓடுவது நல்லதுதான். ஆனால் அந்தக் கம்பிவலைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளையும், அதே தெருவில் இஸ்திரி போடுகிறவரையும், பூ கட்டுகிற அம்மாவையும் இந்த ஆட்டம் எட்டவே இல்லை. சமூக விளையாட்டு என்று சொல்லிக்கொள்ளும் ஓர் ஆட்டத்துக்கு இது பொருத்தமாக இல்லை.

இந்த ஆட்டம் பிறந்த விதத்துக்கும் அது பொருந்தாது. 1965-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டில் நகருக்கு எதிரே இருக்கும் பெயின்பிரிட்ஜ் தீவில், ஜோயல் பிரிட்சர்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் ஆகிய மூவர் விடுமுறையில் பொழுது போகாத வீட்டுப் பிள்ளைகளுக்காக, ஒரு பழைய ஷட்டில் கோர்ட்டில், கைக்குக் கிடைத்த மர மட்டைகளையும் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தையும் கொண்டு உருவாக்கிய ஆட்டம் இது. இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர், கனடாவில் பார்த்துவிட்டு வந்த மும்பைக்காரர் சுனில் வலாவல்கர். அகில இந்திய பிக்கிள்பால் சங்கம் 2008-இல் தொடங்கப்பட்டது. பல ஆண்டுகள் ஆமை வேகத்தில் நகர்ந்த ஆட்டம், கொரோனாவுக்குப் பிறகு பாய்ச்சல் எடுத்தது. அமெரிக்க விளையாட்டு, உடற்தகுதித் தொழில்துறைச் சங்கத்தின் கணக்கின்படி அந்நாட்டில் 2022-இல் 89 லட்சம் பேர் ஆடினார்கள். 2024-இல் அது 1 கோடியே 98 லட்சமாக உயர்ந்தது. 2025 தொடக்கத்தில் மும்பையில் நடந்த உலக பிக்கிள்பால் லீக்கில் சென்னையின் பெயரிலும் ஓர் அணி களமிறங்கியது. நடிகை சமந்தா அதன் உரிமையாளர். அதே ஆண்டு ஏப்ரலில் ஒன்றிய விளையாட்டு அமைச்சகம் இந்திய பிக்கிள்பால் சங்கம் என்ற வேறோர் அமைப்பைத் தேசிய விளையாட்டுக் கூட்டமைப்பாக அங்கீகரித்தது. ஆக, இது இரண்டு மாதத்தில் அடங்கிவிடும் மோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. வளரத்தான் போகிறது. எந்தப் பக்கமாக வளரப்போகிறது என்பதில் மட்டுமே மாநகராட்சிக்கு வேலை இருக்கிறது.

இனி, காரியத்தின் மையத்துக்கு வருகிறேன். பிக்கிள்பால் கோர்ட்டின் நீளம் 44 அடி, அகலம் 20 அடி. இரட்டையர் ஷட்டில் கோர்ட்டின் அளவும் இதேதான். வலையிலிருந்து 7 அடி தள்ளி இருபுறமும் ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டுக்கும் வலைக்கும் நடுவே நின்றுகொண்டு, தரையில் குத்தாத பந்தை யாரும் அடிக்கக் கூடாது. ஷட்டிலில் முன்பக்க சர்வீஸ் கோடு வலையிலிருந்து ஆறரை அடியில் இருக்கிறது. அதாவது, ஏற்கெனவே இருக்கும் கோட்டிலிருந்து அரையடி பின்னால், வேறு நிறத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கோடுகள் போட்டால் போதும். ஓரக் கோடுகளும் கடைசிக் கோடும் நடுக்கோடும் ஏற்கெனவே அதனதன் இடத்திலேயே இருக்கின்றன. வலைக்கும் பெரிய செலவில்லை: ஷட்டில் வலை நடுவில் 5 அடி உயரத்தில் நிற்க வேண்டும், பிக்கிள்பால் வலை ஓரத்தில் 36 அங்குலமும் நடுவில் 34 அங்குலமும் இருக்க வேண்டும். இருக்கும் இரும்புத் தூணிலேயே மூன்றடி உயரத்தில் இன்னொரு கொக்கியைப் பற்றவைத்துவிட்டால், காலையில் ஷட்டில், மாலையில் பிக்கிள்பால் என்று வலையை மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். போட்டி விதிப்படி தூண்களுக்கு நடுவே 22 அடி இருக்க வேண்டும் என்பது உண்மை. பூங்காவில் ஆடும் ஆட்டத்துக்கு அந்த இரண்டடி குறைந்தால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது.

மாலையில் பிக்கிள்பால் என்று நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சென்னையில் பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிட்டால் திறந்தவெளியில் ஷட்டில் ஆட முடியாது என்பது, இந்த ஊரில் ஒரு நாளாவது ஆடிப் பார்த்த அனைவருக்கும் தெரியும். ஐந்து கிராம் எடையுள்ள ஷட்டில்காக், அடித்த பக்கம் போகாமல் காற்று அடித்த பக்கம் போகும். அதனால்தான் நம் பூங்காக் கோர்ட்டுகள் பலவும் காலை எட்டு மணிக்கு மேல் மறுநாள் விடியும்வரை வெறிச்சோடிக் கிடக்கின்றன. அல்லது துணி காயவும் நாய் படுக்கவும் பயன்படுகின்றன. பிக்கிள்பால் பந்து ஏறத்தாழ 25 கிராம் இருக்கும். பலத்த காற்றில் அதுவும் திசைமாறும் என்றாலும், பெரும்பாலான மாலைகளில் ஆட்டம் நின்றுபோகாது. சும்மா கிடக்கும் தரைக்கு, சும்மா கிடக்கும் நேரத்தில் ஒரு வேலை கிடைக்கும் என்பதே என் வாதத்தின் பலம்.

தரையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஷட்டில்காக் தரையைத் தொடாமலேயே ஆடப்படுவது. பிக்கிள்பாலில் பந்து குத்தி எழ வேண்டும். எனவே மண் தரை உதவாது. பேவர் பிளாக் பதித்த தரையும் உதவாது. இரண்டு கல் சேரும் இடத்தில் குத்திய பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று எவராலும் சொல்ல முடியாது. சிமென்ட் தரையிலும் விரிசல் விட்டவற்றை முதலில் பூசியாக வேண்டும். பளபளவென்று வழவழப்பாக மெழுகிவிடவும் கூடாது. மழைக்காலத்தில் ஓரங்களில் பாசி பிடித்தால் அது கண்ணாடிபோல் வழுக்கும். தரை ஈரமாக இருக்கும்போதே துடைப்பத்தால் ஒரு இழுப்பு இழுத்துச் சொரசொரப்பாக்கி விடுகிற பழைய கொத்தனார் பக்குவம்தான் இதற்குச் சரி. பூங்காப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் பாசி சுரண்டுவதையும் ஆண்டுக்கொருமுறை கோடுகளுக்கு மறுவண்ணம் அடிப்பதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் தனியாக டெண்டர் விட வேண்டிய அவசியம் இராது.

ஆட்டத்தின் தன்மையும் பூங்காவுக்கு ஏற்றது. சர்வீஸை இடுப்புக்குக் கீழே, கையைத் தாழ்த்தி அடிக்க வேண்டும். சர்வீஸ் பந்து எதிர்ப்பக்கம் ஒரு முறை, திரும்பி வந்து இந்தப் பக்கம் ஒரு முறை தரையில் குத்திய பிறகுதான் அந்தரத்தில் அடிக்க அனுமதி. வலையோரம் ஏழடிக்கு மேற்சொன்ன தடை. இவை மூன்றும் சேர்ந்து தோள்பலத்தின் ஆதிக்கத்தைக் குறைத்துவிடுகின்றன. எனவே அறுபது வயது அத்தையும் பன்னிரண்டு வயதுப் பெண்ணும் ஒரே அணியில் நின்று, இரண்டு இளைஞர்களுக்கு எதிராக மானத்தோடு ஆடலாம். டென்னிஸில் இது நடக்காது. மேலும், சுற்றுவெளியோடு 120 அடிக்கு 60 அடி பிடிக்கும் ஒரு டென்னிஸ் கோர்ட்டின் இடத்தில், 60 அடிக்கு 30 அடியாக நான்கு பிக்கிள்பால் கோர்ட்டுகள் அடங்கும். நால்வர் ஆடிய இடத்தில் பதினாறு பேர் ஆடலாம்.

இவ்வளவும் சொன்னபின் ஒரு சிக்கலையும் சொல்ல வேண்டும். மாநகராட்சிப் பூங்காவில் ஷட்டில் கோர்ட் என்று பெயர்ப்பலகை இருந்தாலும், நடைமுறையில் அது பெரும்பாலும் ஒரு குழுவின் கையில் இருக்கும். விடியற்காலையில் தங்கள் சொந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வருவார்கள். எட்டு மணிக்கு அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். புதிதாக வரும் ஒருவர் "சார், நானும் ஒரு கேம் ஆடலாமா?" என்று கேட்டால், "எங்க டீம் ஃபுல்லா இருக்குங்க" என்பார்கள். கெட்ட எண்ணம் இல்லை, பழக்கம். வலை அவர்களுடையது, விளக்குமாறு அவர்களுடையது, ஆகவே கோர்ட்டும் அவர்களுடையது என்று ஆகிவிடுகிறது. பிக்கிள்பாலையும் இப்படியே விட்டால், கட்டணக் கோர்ட்டில் பணம் தீர்மானிப்பதை இங்கே செல்வாக்கு தீர்மானிக்கும்.

இதற்கு அந்த ஆட்டத்துக்குள்ளேயே ஒரு மருந்து இருக்கிறது. அமெரிக்கப் பூங்காக்களில், ஆட வருகிறவர்கள் தங்கள் மட்டையைக் கம்பிவலையிலோ ஒரு தாங்கியிலோ வரிசையாகச் செருகிவிடுவார்கள். ஓர் ஆட்டம் 11 புள்ளி. ஏறக்குறைய கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் ஆடியவர்கள் இறங்க, வரிசையில் அடுத்துள்ள நான்கு மட்டைக்காரர்கள் ஏறுவார்கள். முன்பதிவும் இல்லை, டீமும் இல்லை. யாரோடு ஆடுவோம் என்பதே அந்தந்த நேரத்தில்தான் தெரியும். ரேஷன் கடையில் பையையும் செங்கல்லையும் வரிசையில் வைத்துப் பழகிய நமக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. இரண்டு வலைகளையும் மாநகராட்சியே கொடுத்து, யாரும் வீட்டுக்கு எடுத்துப்போகாமல் பூங்காவிலேயே வைத்து, மட்டை செருகும் தாங்கி ஒன்றையும், மேற்சொன்ன முறையை எழுதிய ஒரு பலகையையும் வைத்தால், தனியுரிமை தானாகவே கரையத் தொடங்கும். கோர்ட்டுக்கு நான்கைந்து மர மட்டைகளும் சில பந்துகளும் பூங்காக் காவலரிடம் இரவலாகக் கிடைக்கும்படி செய்தால் இன்னும் நல்லது. சில காணாமல் போகும். போகட்டும், நூலகத்திலும் புத்தகம் காணாமல் போகிறது.

கட்டணத்தைப் பற்றி மாமன்றத்துக்கு நினைவூட்டத் தேவையில்லை என்றே நினைக்கிறேன். 2024 அக்டோபர் இறுதியில், ஒன்பது செயற்கைப்புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் ஒப்படைத்து, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று நீங்கள் தீர்மானம் போட்டீர்கள். எதிர்ப்பு எழுந்ததும் உடனே திரும்பப் பெற்றீர்கள். திரும்பப் பெற்றது சரியான முடிவு. பிக்கிள்பால் விஷயத்தில் அந்தப் பாதையின் முதல் அடியையே எடுத்து வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பெயரளவுக் கட்டணம், பராமரிப்புக்காக மட்டும் என்று தொடங்கும் எதுவும் அந்த அளவில் நிற்பதில்லை.

திடல்களைப் பற்றி நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் விளக்கிவிடுகிறேன். கண்ணகி நகர்ப் பெண் கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவியாகத் தங்கம் வென்றார். புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரின் எம். காசிமா, ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள், 2024-இல் அமெரிக்காவில் கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் பெற்றார். வியாசர்பாடிப் பையன்களின் கால்பந்தைப் பற்றி நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. இந்த ஆட்டங்களுக்கு இன்னும் போதிய இடமில்லை. தி.நகர் சோமசுந்தரம் மைதானத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பாருங்கள்: ஒரே மைதானத்தில் பல கிரிக்கெட் ஆட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று நடந்துகொண்டிருக்கும்; ஓர் ஆட்டத்தின் லாங் ஆன், இன்னொரு ஆட்டத்தின் விக்கெட் கீப்பருக்குப் பக்கத்தில் நிற்பார். அந்த மைதானத்தின் ஒரு மூலையை வேலி போட்டுப் பிக்கிள்பாலுக்குக் கொடுக்கலாம் என்று நாளை யாரேனும் ஒரு திட்ட அறிக்கையோடு வந்தால், தயவுசெய்து அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஒலி விஷயம் சாதாரணமானதல்ல. கெட்டியான மட்டையில் கெட்டியான பிளாஸ்டிக் பந்து படும்போது எழும் "டொக்" என்ற சத்தம், ஷட்டிலின் சத்தத்தைப் போல் காற்றில் கரைவதில்லை. கூர்மையாகக் காதைக் குத்தும், அதுவும் ஒழுங்கற்ற இடைவெளியில். அமெரிக்காவில் இதற்காக அண்டை வீட்டார் வழக்குப் போட்டுக் கோர்ட்டுகளை மூட வைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. அவை சராசரிக் கணக்கு என்பதால், ஒவ்வோர் அடியின் சத்தத்தையும் அவற்றோடு நேராக ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. ஆனால் இரவுப்பணி முடித்துவிட்டுக் காலையில் கண்ணயரும் ஒருவரின் சன்னலுக்கு இருபதடி தூரத்தில் கோர்ட் இருந்தால், அவரிடம் சராசரி பற்றிப் பேசிப் பயனில்லை. எனவே வீட்டுச் சுவரை ஒட்டிய கோர்ட்டுகளை முதலிலேயே பட்டியலிலிருந்து நீக்கிவிடுங்கள். பேருந்துச் சாலையை ஒட்டிய பூங்காக்கள், ரயில்பாதையோரப் பூங்காக்கள் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். காலை ஏழு மணிக்கு முன்பும் இரவு எட்டரைக்குப் பின்பும் பிக்கிள்பால் கூடாது என்று வைத்துவிடலாம். நேரத்தை அந்தந்த வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் சுற்றியிருப்பவர்களைக் கேட்டே முடிவு செய்வது இன்னும் பொருத்தம். சத்தம் குறைந்த நுரைப் பந்துகளும் வந்துவிட்டன. வீடுகள் நெருங்கிய இடங்களில் அவற்றை மட்டும் இரவல் கொடுக்கலாம்.

மேம்பாலங்களின் கீழே கோர்ட் போடலாமே, நிழலும் கிடைக்கும், சத்தமும் தெரியாது என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். கத்திப்பாராவில் மெட்ரோ ரயில் நிறுவனம் மேம்பாலத்தடியைப் பொது வெளியாக்கியதை அவர்கள் எடுத்துக்காட்டுகிறார்கள். அகலமான சில இடங்களுக்கு அது பொருந்தலாம். சிக்னலில் நிற்கும் வண்டிப் புகையை மூச்சு வாங்க வாங்க உள்ளிழுக்க வேண்டிய இடத்தில் முதியவர்களை ஆட விடுவதை உடற்கல்வி ஆசிரியனாக என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

முதியவர்கள் என்றதும் காயம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த ஆட்டம் எளிது என்கிற பேச்சே இதிலுள்ள ஆபத்து. தலைக்கு மேலே தூக்கிப் போட்ட பந்தைப் பிடிக்க, முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கியே ஓடுவார்கள். கால் பின்னி விழுந்து, ஊன்றிய கையின் மணிக்கட்டு முறியும். நடைப்பயிற்சிக் காலணி முன்னால் போவதற்குச் செய்யப்பட்டது. பக்கவாட்டில் சட்டென்று திரும்பினால் கணுக்கால் பிசகும். ரப்பர் செருப்போடு ஆடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அறிவிப்புப் பலகையில் ஆட்டமுறைக்குக் கீழே, பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிக்கொள்ளுங்கள், பின்னோக்கி ஓடாமல் திரும்பி ஓடுங்கள், பக்கவாட்டில் பிடிப்புள்ள காலணி அணியுங்கள் என்ற மூன்று வரிகள் கட்டாயம் இருக்கட்டும்.

மாநகராட்சியின் சென்னைப் பள்ளிகளையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய மைதானம் இல்லாத பெண்கள் பள்ளிகளில், வழிபாட்டுக் கூட்டம் நடக்கும் சிமென்ட் முற்றமே ஒரு கோர்ட்டுக்குப் போதும். வகுப்பில் நாற்பது பேர் இருக்க, கோர்ட்டில் நால்வர்தானே ஆட முடியும் என்று உடற்கல்வி ஆசிரியர்கள் கேட்பார்கள், நியாயமான கேள்வி. மற்றவர்கள் சுவரில் அடித்துப் பழகலாம். சுவரில் மூன்றடி உயரத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டால் அதுதான் வலை.

எல்லாப் பூங்காக்களிலும் ஒரே மூச்சில் செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மண்டலத்துக்கு ஒரு கோர்ட்டாகத் தொடங்குங்கள். அவற்றில் வடசென்னைக்கும் புறநகர் வார்டுகளுக்கும் உரிய பங்கு இருக்கட்டும், அடையாறிலும் அண்ணா நகரிலும் மட்டும் தொடங்கி அங்கேயே முடித்துவிடாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தரை நன்றாகக் காய்ந்திருக்கும் தை மாதம், சிமென்ட் பூச்சுக்கும் வண்ணத்துக்கும் ஏற்ற காலம். கத்திரி வெயில் தொடங்குவதற்குள் மூன்று மாதம் ஆடிப் பார்க்க அவகாசம் கிடைக்கும். அந்த மூன்று மாதமும், ஆடியவர்களில் பெண்கள் எத்தனை பேர், அறுபது கடந்தவர்கள் எத்தனை பேர், முதன்முறையாக மட்டை பிடித்தவர்கள் எத்தனை பேர், சத்தம் பற்றிப் புகார் எத்தனை என்பதைக் காவலரின் பதிவேட்டில் குறித்துவைக்கச் சொல்லி, கோடை விடுமுறைக்கு முன் நடக்கும் மாமன்றக் கூட்டத்தில் அந்தக் கணக்கை வைத்து, தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
கோடம்பாக்கம், சென்னை.